வில்லை ஒட்டினால் வேகம் கூடும்

கடைத்தெருவில் அன்று கால் வைக்க இடமில்லை. கம்ப்யூட்டர் கடைக்கு வில்லை மாஸ்டர் வந்திருந்தார். பொத்தான் அளவு செம்பு வில்லை. அதைப் பெட்டிமேல் ஒட்டினால் வேகம் இரண்டு மடங்காம். முண்டியடித்தவர்கள் எல்லோரும் படித்தவர்கள். படிக்காதவர்களுக்கு வேறு வேலை இருந்தது.

கூட்டத்தில் ஓர் அக்காவும் தம்பியும் நின்றார்கள். அக்கா புத்தக அட்டை வடிவமைப்பவள். வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். கையிருப்பு முழுவதையும் போட்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, இனி வீட்டிலிருந்தே பிழைக்க வேண்டும். பகலில் அவளுக்கு வேலை, சாயங்காலம் தம்பிக்கு கேம் என்று ஏற்பாடு. பதினாறு ஜிபி ரேமை எட்டாகக் குறைத்து, மிச்சத்தில் வில்லை வாங்கலாம் என்றான் தம்பி. எட்டு ஜிபியில் பெரிய அட்டைப்படத்தைத் திறந்தாலே மெஷின் திணறும். அது அவனுக்கும் தெரியும். ஆனால் மாஸ்டர் சொல்லிவிட்டாரே!

மாஸ்டர் தன் மெஷினில் ஒரு படத்தை உருவாக்கிக் காட்டினார். நான்கு நிமிடம் ஆனது. கண்ணை மூடி வில்லையை ஒட்டினார். சக்தி உள்ளே இறங்க வேண்டும் என்று ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்தார். அதே படம் இரண்டே நிமிடத்தில் வந்தது. தம்பி பர்ஸைத் திறந்தான். அக்கா அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

அடுத்த காட்சிக்கு முன் வில்லையை உரித்தெடுத்து, திரை போட்டு மறைத்து, பத்து நிமிடம் மெஷினுக்குத் தியானம் நடந்தது. திரை விலகியது. மறுபடி நான்கு நிமிடம். வில்லையை எடுக்கப்போன மாஸ்டரை அக்கா நிறுத்தினாள்.

"சார், இந்தத் தடவை வில்லை வேணாம். ரீஸ்டார்ட் மட்டும் பண்ணுங்க."

"நம்பாதவங்க கை பட்டா சக்தி போயிடும்மா."

"நான் தொடல சார். நீங்களே பண்ணுங்க."

கூட்டம் சிரித்துவிட்டது. மாஸ்டருக்கு வேறு வழியில்லை. வில்லை இல்லாமலே இரண்டு நிமிடத்தில் படம் வந்து நின்றது. போன காட்சியின் சக்தி உள்ளே மிச்சமிருக்கிறது என்றார்.

"மிச்சமிருந்தா, கொஞ்சம் முன்னாடி ஏன் சார் நாலு நிமிஷம் ஆச்சு?"

கடை மெக்கானிக் மெஷினைத் துழாவினார். தியானத்தின்போது நாற்பது புரோகிராம்களைத் திருட்டுத்தனமாக ஓடவிட்டிருந்தார் மாஸ்டர். ரீஸ்டார்ட் செய்தால் அத்தனையும் நின்றுவிடும். அவ்வளவுதான் சக்தி.

மாஸ்டர் பையைத் தூக்கிக்கொண்டு நழுவினார். அக்கா பதினாறு ஜிபியே வாங்கினாள். தம்பி தலை நிமிரவில்லை. ஏற்கெனவே வில்லை வாங்கிய ஒருவர் மட்டும் மெக்கானிக்கிடம் போய், இதைப் பெட்டிக்கு உள்பக்கம் ஒட்டினால் பலன் தெரியுமா என்று மெதுவாகக் கேட்டார்.

ரேம் போதவில்லை என்றால் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். மூளையை அப்படி வாங்க முடியாது ஐயா. இருப்பதையாவது ஓடவிடுங்கள்.