கத்தி நட்டும் பெய்த மழை

வஹாகா,
வியாழக்கிழமை.

என் மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய அக்கா ஒர்த்தென்சியாவுக்கு,

உன் தங்கை எதெல்வினா எழுதுகிறேன். மாதாவின் கருணையால், கொஞ்சம் இருமலைத் தவிர, நான் இங்கே சுகம். அங்கே உன் முழங்காலும், கூண்டிலிருக்கும் கேனரிக் குருவிகளும், சமையலறையில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாம் திங்கட்கிழமையே பஸ் ஏறி நம் ஊர் அபிசாக்கோவுக்கு வந்துவிட்டபோது நான் மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தாய். இந்த இருமலோடு அவ்வளவு தூரம் பஸ்ஸில் போகக் கூடாது என்று இங்கே சொல்கிறார்கள். யார் சொல்கிறார்கள் என்பது முக்கியமில்லை. மரியாதையான குடும்பத்தில்தான் தங்கியிருக்கிறேன்.

நீ போனில் அனுப்பிய குரலையும் கேட்டேன். "ஏண்டி, நீ கத்தி நட்டுமா மழை பெஞ்சுது?" என்று கேட்டுவிட்டு நீ சிரித்த சிரிப்பு கேள்வியை விட நீளமாக இருந்தது. கூடவே கோவில்பிள்ளையின் பெண்டாட்டி சோலே சிரிக்கிற சத்தமும் கேட்டது. அக்கா, இத்தனை வருஷமாக மாதா சங்கத்தின் தலைவியாக நீலப் பட்டை போட்டுக்கொண்டு பவனியில் முன்னால் நடந்தவள் நான். என் மானம் இப்படிக் கோவில் வாசலில் கிடந்து புரள்வதை என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் பேசாமல் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது இதை நீ உரக்க வாசிக்க வேண்டும். சோலே வீட்டுக்குப் போய்விடாதபடி பார்த்துக்கொள்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நம் தெருக்கோடியில் கோவில் இருக்க, தம்பி மகள் ஹிமேனா எங்கேயோ மலையடிவாரத்துக் கொய்யாத் தோப்பில் போய்க் கல்யாணம் செய்துகொள்வது கிறுக்குத்தனம் என்று நீ சொன்னாய், வரவும் மாட்டேன் என்றாய். நீ சொன்னதுதான் சரி. தம்பி ஃபெர்மின் பிடித்த பஸ்ஸில் குளிர்சாதனம் என்று ஒரு பொத்தான் இருந்தது, பொத்தான் மட்டும்தான் இருந்தது. வழியில் யாரோ சாலை மறியல் செய்துகொண்டிருந்தார்கள். என்ன கோரிக்கை என்று கேட்கப் போன ஃபெர்மின் அவர்களோடு சேர்ந்து கோஷம் போட ஆரம்பித்துவிட்டான். கடைசியில் நாங்கள் ஊரிலிருந்து கொண்டுபோன விருந்து ரொட்டியில் பாதியை அவர்களுக்குக் கொடுத்து, மணப்பெண்ணின் கவுனைப் பெட்டியோடு தூக்கிக் காட்டிய பிறகுதான் வழிவிட்டார்கள். அவர்களில் ஒருவன் கவுனைப் பார்த்துக் கண்கலங்கினான், அதையும் சொல்ல வேண்டும்.

இப்போது கத்திக்கு வருகிறேன். ஜூலை மாதத்தில், மழைக்காலத்தில், மேலே ஒரு முழம் துணிகூடக் கட்டாமல் தோப்பில் விருந்து. பந்தல் போட்டால் போட்டோவில் மலை தெரியாதாம். ஃபெர்மினிடம் கேட்டால், "மழைக்குத்தான் கத்தி இருக்கே" என்கிறான். கல்யாணத்தன்று காலையில் சமையற்காரியிடம் ஒரு கத்தி வாங்கிக்கொண்டு வந்து, இதைத் தோப்பு மூலையில் நட ஒரு கன்னிப்பெண் வேண்டும், கன்னி கழியாதவள் நட்டால்தான் மழை அண்டாது என்று சத்தமாகக் கேட்டான். ஹிமேனாவின் தோழிகள் அங்கே வரிசையாக உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்கு உடனே காதுத்தோடு தொலைந்துபோயிற்று. இன்னொருத்திக்குப் போன் வந்தது, ஆனால் மணி அடிக்கவில்லை. மூன்றாமவள் கத்தி என்றால் தனக்கு ஒவ்வாமை என்றாள். மாப்பிள்ளை நாச்சோவின் அம்மா, நம் சம்பந்தியம்மா, கெரேத்தரோவிலிருந்து வந்த சீமாட்டி, தன் மகளைத் திரும்பிப் பார்த்தாள். மகள் மலையைப் பார்த்தாள்.

"எதுக்கு இவங்களைப் போட்டு சங்கடப்படுத்துறீங்க? நம்ம எதெல்வினா அக்கா இருக்கால்ல," என்றான் ஃபெர்மின், அவ்வளவு பேர் நடுவில். "அறுபத்து மூணு வருஷம், ஒரு கீறல் கிடையாது. இவ நட்டா வெள்ளமே திரும்பிப் போயிடும்."

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அவன் வாயிலேயே ஒன்று போடலாமா என்றிருந்தது. ஆனாலும் ஒரு பெருமை வந்தது, அக்கா, பொய் சொல்ல மாட்டேன். என் நீலப் பட்டையிலிருந்து ஒரு நூலை உருவிக் கத்திப் பிடியில் கட்டி, கொய்யா மரத்தடியில் கைப்பிடிவரை இறங்கும்படி நட்டு, மூன்று முறை 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் சொன்னேன். வானம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது.

கோவிலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு பேண்டு வாத்தியத்தோடு, இரண்டாள் உயரப் பொம்மைகள் முன்னால் ஆட, தெருவெல்லாம் ஆடிக்கொண்டு தோப்புக்கு வந்தோம். வழியெல்லாம் மெஸ்கால் சாராயம் ஊற்றிக்கொண்டே வந்தார்கள். ஃபெர்மின் ஒரு பொம்மைக்குள் புகுந்துகொண்டு, வெளியே வரத் தெரியாமல், அங்கிருந்தே விருந்தாளிகளை வரவேற்றான். இந்த ஊர் வழக்கப்படி உயிருள்ள வான்கோழியைத் தூக்கிக்கொண்டு ஆட வேண்டிய முறை சம்பந்தியம்மாவுக்கு வந்தபோது அது அவள் தொப்பியைத் தின்றது. அதுவரைக்கும் எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம். மோலேக் குழம்பு பரிமாற ஆரம்பித்தார்கள், மலைக்குப் பின்னாலிருந்து ஒரு மேகம் எட்டிப் பார்த்தது, நான் கொய்யா மரப் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். மோலேயில் முதல் சொட்டு விழுந்தது.

சொட்டு இல்லை, அக்கா, குடத்தைக் கவிழ்த்த மாதிரி. ஆனால் யாரும் ஓடவில்லை. அதுதான் கொடுமை. அத்தனை பேரும் நனைந்துகொண்டே, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சம்பந்தியம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு மறுபடி தலைக்கு வந்தாள். சோலே சிலுவை போட்டுக்கொண்டு, "யாரைத்தான் நம்புறது இந்தக் காலத்துல," என்றாள். ஃபெர்மின் பொம்மைக்குள்ளிருந்து, "அக்கா, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல," என்றான். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது.

அப்போது ஹிமேனா செருப்பைக் கழற்றி வீசிவிட்டு, சேற்றில் கவுன் புரள ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "அழாதீங்க அத்தை," என்றாள் என் காதில். "நீங்க நட்டதாலதான் சாயங்காலம் வரைக்குமாவது தாங்குச்சு. நான் நட்டிருந்தா விடியறதுக்கு முன்னாடியே பெஞ்சிருக்கும்." இதைக் கோவில் வாசலில் வாசிக்காதே. ஆனால் இப்படி ஒரு பெண்ணுக்காக இன்னும் நூறு மழையில் நனையலாம் என்று எனக்கு அப்போது தோன்றியது. பிறகு அவள் நாச்சோவை இழுத்துக்கொண்டு மழையிலேயே ஆடப் போய்விட்டாள், மற்றவர்களும் ஆடப் போய்விட்டார்கள்.

நான் மரத்தடியில் தனியாக நின்றேன். திடீரென்று என்மேல் மட்டும் மழை நின்றது. நிமிர்ந்தால், தலைக்கு மேலே ஒரு பித்தளைப் புனல். பேண்டில் உடம்பைச் சுற்றி ஒரு பெரிய குழலை மாட்டிக்கொண்டு ஊதுவாரே, அந்தப் பெரியவர், தோன் பாசிலியோ, அதன் வாயை என் தலைக்கு மேலே சாய்த்துப் பிடித்துக்கொண்டு தான் நனைந்துகொண்டிருந்தார்.

"அம்மா, உங்க மேல தப்பில்லை," என்றார். "அந்தப் படம் பிடிக்கிற தம்பிதான் கத்தியைப் பிடுங்கினான். படத்துல வந்தா கொலை நடந்த இடம் மாதிரி இருக்காம். நான் என் கண்ணால பார்த்தேன்."

"பார்த்துட்டு சும்மா ஊதிட்டா இருந்தீங்க?" என்றேன்.

"வாய்ல குழல் இருந்துச்சு. அதோட, நான் கத்தியை அவ்வளவா பார்க்கலை. நட்டவங்களைப் பார்த்துட்டிருந்தேன்."

அதை விடு. விஷயம் கத்தி. கேக் வெட்டும் போட்டோவை உனக்கு இத்துடன் அனுப்புகிறேன். ஹிமேனாவின் கையிலிருக்கும் கத்தியின் பிடியைப் பார். நீல நூல். பிடுங்கினவன் அதைக் கழுவிச் சமையற்கட்டில் கொடுத்திருக்கிறான், அவர்கள் அதையே கேக்குக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நட்ட கத்தி நட்டபடி இருந்திருந்தால் ஒரு சொட்டு விழுந்திருக்காது. இந்தப் போட்டோவைச் சோலேயின் மூக்குக்கு நேரே பிடி. வெளியூர்க் கல்யாணம் என்று எவராவது இனி வாயெடுத்தால் முதல் ஆளாக எதிர்ப்பேன் என்றும் சொல்லு.

ஃபாதருக்கு என் வணக்கம். குருவிகளுக்கு ஆப்பிள் நறுக்கிப் போடு, தோலோடு வேண்டாம். உன் ஆசிக்காகத் தலை குனிந்து நிற்கும்,

தங்கை எதெல்வினா.

பின்குறிப்பு: மேலே உள்ளதோடு நிறுத்திக்கொள், இதை வாசலில் வாசிக்க வேண்டாம். நான் தங்கியிருப்பது தோன் பாசிலியோவின் தங்கை வீட்டில். இருமல் அன்றைக்கே நின்றுவிட்டது. ஆகஸ்ட் கடைசியில், அதே தோப்பில், எங்களுக்குக் கல்யாணம். பந்தல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், மலை நன்றாகத் தெரிகிறது. என் நீலப் பட்டையை இத்துடன் அனுப்புகிறேன், இனி நீ போட்டுக்கொள். என்னைப் போலவே கல்யாணம் செய்துகொள்ளாமல், இத்தனை காலம் ஒரே வீட்டில், ஒரே பானையில் சாப்பிட்ட நீ பக்கத்தில் இல்லாமல் அந்தக் கோவிலுக்குள் நுழைய எனக்குக் கால் வராது, அக்கா. ஆகஸ்டிலும் இங்கே மழைதான். மணப்பெண் தன் கல்யாணத்துக்குத் தானே கத்தி நடக் கூடாதாம், யார் நடுவார்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். உன் பெயரைச் சொல்லிவிட்டேன். ஃபெர்மினுக்கும் தெரியும், அதனால் இந்நேரம் ஊருக்கே தெரிந்திருக்கும். உனக்கு முழங்கால் வலி, வர முடியாது என்றால் நான் நம்பிவிடுவேன். சோலே என்ன சொல்வாள் என்று யோசித்துக்கொள்.