கொசுமர்த்தன சுவாமிகளின் கலயம்

மற்ற சாமிகள் யானையில் வருவார்கள், மயிலில் வருவார்கள். அடையாறு ஆற்றை ஒட்டிய அந்தத் தெருவுக்குக் கொசுமர்த்தன சுவாமிகள் மினி வேனில் வந்தார். தெருவில் பாதி வீடுகளில் இன்னும் கிணறு இருந்தது. கிணறு இருந்ததால் கொசு இருந்தது. கொசு இருந்ததால் சுவாமிகளுக்குப் பிழைப்பு இருந்தது.

வெள்ளிக்கிழமை என்றால் கூட்டம் நெரியும். மயிலாப்பூரிலிருந்து காரில் வருவார்கள், தி.நகரிலிருந்து ஆட்டோவில் வருவார்கள். விரதமிருந்து காணிக்கை வைத்தால் மஞ்சள் துணி கட்டிய மண் கலயத்தில் தீர்த்தம் கிடைக்கும். அதைக் கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் கவிழ்க்க வேண்டும். பிறகு ஒரு மண்டலத்துக்குக் கிணற்றை எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் பலிக்காதாம். கண்ணைத் திறந்து வைத்திருக்கும் பக்தனை எந்தச் சாமியாருக்குத்தான் பிடிக்கும்?

வேடிக்கை என்னவென்றால், கொசு நிஜமாகவே குறைந்தது!

நிலாவைக் குழப்பியது அதுதான். சுப்பம்மாவின் இட்லிக்கடை மாடியில் குடியிருந்த அவளுக்கு ஆராய்ச்சி வேலை. எந்த உயிர் எதைத் தின்கிறது, எது எதற்கு இரை என்று கோடு போட்டு வலையாகப் பின்னுவாள். அந்த வலையில் ஓர் இழையை அறுத்தால் வேறு எங்கே தளரும் என்று கணினியில் கணக்குப் போடுவாள். அதற்காகத் தெருக் கிணறுகளில் கயிற்றில் சிறு கைவலை இறக்கி, சிக்கும் உயிர்களை எண்ணிக்கொண்டே இருந்தாள். சுவாமிகளின் தடை அவளைக் கட்டுப்படுத்தாது. எட்டிப் பார்ப்பதற்குத்தானே அவளுக்குச் சம்பளம்?

கொசுப்புழு மட்டும் குறையவில்லை. தலைப்பிரட்டையும் குறைந்திருந்தது. தண்ணீரில் வளரும் தும்பியின் குஞ்சுகளையும் காணோம். கொசுவைக் கொல்லும் மந்திரம் தவளைக்குஞ்சை ஏன் தின்கிறது? ஏதாவது மருந்தாக இருக்கும் என்றது கணினி. நிலாவுக்குச் சமாதானமாகவில்லை.

தெருவில் ஒரே ஒரு கிணற்றில்தான் தீர்த்தம் பலிக்கவில்லை. அது சுப்பம்மாவின் கிணறு. கலயம் கலயமாகக் கவிழ்த்தும் கொசு அப்படியே இருந்தது.

"இந்த வீட்டில் பாவம் இருக்கிறது" என்றார் சுவாமிகள். "அது தண்ணீரில் கலந்துவிட்டது. இங்கே சாப்பிடுகிறவர்களுக்கும் ஒட்டும்."

மறுநாளே கடையில் ஈ ஓட்ட வேண்டியதாயிற்று. வருஷக்கணக்காகக் கைநனைத்த ஆட்டோ டிரைவர் கதிரேசன்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். வரும் வெள்ளிக்கிழமை சுப்பம்மா ஊர்நடுவே மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கடையை மூடவேண்டும் என்று உத்தரவும் வந்தது.

சுப்பம்மா அழுதாள். "நான் இன்னா பாவம் பண்ணேன் நிலா? சிந்தாதிரிப்பேட்டையில உசுரோட வாங்கியாந்த விராலு, என்னையே பாத்துச்சு. அதக்கூட அறுக்க மனசு வராம கிணத்துல வுட்டவ நானு!"

"விராலா? இன்னும் இருக்காக்கா?"

"கீதே. இப்ப கொஞ்ச நாளா நல்லா கொழுத்துப் போய்க்கீது."

"எதைத் தின்னு?"

சுப்பம்மா விழித்தாள். நிலா மாடிக்கு ஓடினாள். கைவலைக்குச் சிக்காமல் நழுவும் குட்டி மீன் ஒன்று இருந்தால்? கணினியில் மற்றக் கிணறுகளின் உணவு வலையில் அதைச் சேர்த்தாள். கொசுப்புழு, தலைப்பிரட்டை, தும்பிக்குஞ்சு எல்லாம் குறைந்தன. சுப்பம்மாவின் கிணற்றில் அந்த மீனைத் தின்னும் ஒரு விராலையும் சேர்த்தாள். குட்டி மீன் காலி, கொசு ஜம்மென்று திரும்பி வந்தது. கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் கணக்கு பொருந்தினால் மட்டும் போதுமா?

வெள்ளிக்கிழமை. சுப்பம்மா தலைகுனிந்து நின்றாள். கூட்டம் 'உச்' கொட்டியது. நிலா முன்னால் வந்து கும்பிட்டாள்.

"சாமி, ஒரு சந்தேகம். தீர்த்தத்தை வடிகட்டினா சக்தி போயிடுமா?"

"மூடப் பெண்ணே! வடிகட்டினால் போவதற்கு அது என்ன காப்பியா?"

"அப்போ சரி" என்று நிலா டீ வடிகட்டியை எடுத்தாள்.

சுவாமிகளின் விபூதி வியர்வையில் கரைந்தது. "தொடாதே! தீட்டு!"

"நீங்கதானே சாமி போவாதுன்னீங்க?" என்று கதிரேசன் சுவாமிகள் முன் இருந்த கலயத்தை எடுத்து வடிகட்டியில் சாய்த்தான். வேகமெல்லாம் பக்திதான். சாமி சொன்னதை நிரூபிக்க வேண்டாமா?

தண்ணீர் வழிந்து போயிற்று. துளசி இலைகள் தங்கின. இலைகளுக்கு நடுவே அரிசி அரிசியாகக் குட்டி மீன்கள் துள்ளின.

சுவாமிகள் சுதாரித்துக்கொண்டு கையை உயர்த்தினார். "பக்தர்களே! மச்சாவதாரம்!"

"அப்போ உன் அவதாரத்த எங்கூட்டு விராலு துன்னுடுச்சா நைனா?" என்றாள் சுப்பம்மா.

தெருவே வெடித்துச் சிரித்தது. கதிரேசன் வடிகட்டியை உற்றுப் பார்த்தான். "யோவ், இது குப்பி மீனு! கொசுப்புழுவத் துன்னட்டும்னு கார்ப்பரேஷன் கொசு ஆபீஸ்காரங்க கிணத்துல சும்மாவே வுட்டுட்டுப் போவாங்களே! இதுக்கா நான் விரதம் இருந்தேன்?"

மினி வேன் பின்பக்கமாகவே தெருமுனை வரை போயிற்று. திருப்பக்கூட நேரமில்லை. முன்னாளில் சுவாமிகள் வண்ணமீன் வியாபாரம் செய்தவர் என்பது பிறகு தெரிந்தது. தொழிலை மாற்றவில்லை, உடையைத்தான் மாற்றியிருந்தார்.

அன்று சாயங்காலம் கடை நிரம்பியது. கதிரேசன் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்தான். சுப்பம்மா நாலு இட்லி வைத்தாள். கெட்டிச் சட்னி மட்டும் அவனுக்குக் கொடுக்கவில்லை.

தி.நகரிலிருந்து வந்த சூடாமணி மாமி நிலாவை மெல்ல ஓரங்கட்டினார்.

"ஏண்டிம்மா, யாரு யாரைத் திங்கறதுன்னு கம்ப்யூட்டர் சொல்றதாமே? எங்காத்துப் பொண்ணுக்குக் கல்யாணம் எப்போன்னு கேட்டுண்டு சொல்லேன்."

"மாமி, அது தப்பும் சொல்லும். முதல்ல இதை மருந்துன்னுதான் சொல்லிச்சு. சோதிச்சுப் பார்த்தாதான் நிஜம் தெரியும். நான் சொல்றேன்னும் நம்பாதீங்க."

மாமிக்கு ஏமாற்றம். வரம் கேட்டு வந்த இடத்தில் வேலை கொடுத்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? உடம்பை வருத்தி இருக்கும் விரதங்கள் இருக்கட்டும், ஐயா. நம்மில் பலருக்கு மூளை பிறந்த நாளிலிருந்து பட்டினி கிடக்கிறது. அதற்கு ஒரு வேளையாவது சோறு போடுங்கள்!