வேலி தாண்டி வந்த கிளையும் அப்பாவின் சாட்சியும்

டொரொன்டோவில் பனிக்குள் இருந்தாலும் எங்கள் ஜெபத்துக்கு வெளியே போகாத அன்புள்ள யூலின் அத்தைக்கு, உங்கள் அண்ணன் மகள் ஜனீல் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சுகம், அங்கு உங்கள் சுகம் அறிய ஆவல் என்றுதான் தொடங்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இங்கு யாரும் சுகமாக இல்லை, அத்தை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. எனக்கோ பயம். பாஸ்டர் சுகமாக எழுந்தாரா என்று விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

போனில் சொல்லலாம்தான். ஆனால் போன் அப்பாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது, தலையணை மேல் அப்பா இருக்கிறார். நாளை எங்கள் ஊர் மிஸ் டெல்சி உங்கள் ஊருக்கு விமானம் ஏறுகிறார். அம்மா உங்களுக்கென்று பொரித்த மீனும் பன்னும் அவர் கையில் கொடுத்தனுப்புகிறாள். இந்தக் கடிதத்தை மீன் பொட்டலத்துக்கு அடியில் செருகப் போகிறேன், வாசம் அடித்தால் மன்னியுங்கள். படித்தவுடன், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால், அப்பாவைக் கூப்பிட்டுப் பேசுங்கள். இல்லாவிட்டால் அப்பா திங்கட்கிழமை கிங்ஸ்டன் ஆஸ்பத்திரிக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போக மாட்டார். போகாவிட்டால் என்ன ஆகும் என்பதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

குடலில் கட்டி, அதற்கு மருந்து ஏற்றுகிறார்கள், இன்னும் பாதி பாக்கி என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதது, மருந்து ஏறி வந்தால் அப்பாவுக்குத் தண்ணீர்கூட வயிற்றில் தங்குவதில்லை என்பது. அம்மா கஞ்சி காய்ச்சுகிறாள், அப்பா முகத்தைத் திருப்புகிறார், அம்மா அதைக் கொல்லையில் கொட்டிவிட்டு வெங்காயம் நறுக்கியதுபோல் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் வெங்காயமே இருக்காது. அப்பாவின் ஞாயிறு கோட்டு இப்போது ஆணியில் தொங்கினாலும் அப்பா மேல் தொங்கினாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. போன தடவை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, சபையில் கூப்பிடுவதுபோலவே அப்பாவை டீக்கன் என்று கூப்பிட்டு, சொன்னார், “டீக்கன், கஞ்சாவுல இருந்து எடுக்கிற சொட்டு மருந்து இருக்கு, சீட்டு எழுதித் தரேன். கட்டியைக் கரைக்கும்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. ஆனா குமட்டல் அடங்கலாம், கொஞ்சம் பசி எடுக்கலாம். சிலருக்குத் தலை சுத்தும், அதனால அளவாத்தான் தருவோம்.” அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “டாக்டரம்மா, அந்தச் செடிக்கு எதிரா பிரசங்கம் பண்ணியே என் தொண்டை போச்சு. இப்ப அதே தொண்டையில அதை ஊத்தச் சொல்றீங்களா?”

அந்தச் செடியைத் தேவன் தந்த வரம் என்று சொல்லும் சடைமுடிக்காரர், பக்கத்து வீட்டு ராஸ் எப்பிராயீமை நினைவிருக்கிறதா? சட்டம் அனுமதித்த அளவுக்கு மட்டும் கஞ்சாச் செடிகளை வேலியோரம் வைத்து, பிள்ளைகளைப்போல் பெயர் சொல்லித் தண்ணீர் ஊற்றுகிறார். அதில் டெபோராள் என்ற செடியின் கிளை ஒன்று எங்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. தினமும் காலையில் அப்பா, “எப்பிராயீம், உன் டெபோராளை வெட்டிப் போடுவேன்!” என்பார். அவர், “வெட்டுங்க டீக்கன். மாங்காய்ச் சண்டையில நீங்கதானே தீர்ப்புச் சொன்னீங்க? வேலிக்கு அந்தப் பக்கம் தொங்குறது அந்தப் பக்கத்துக்காரருக்குன்னு” என்பார். அப்பா வெட்டியதே இல்லை. நான் போய் ராஸிடம் கேட்டேன். அவர் ஒரு இலைகூடத் தரவில்லை. “மகளே, வளர்ற மண்டைக்கு இது ஆகாது, நீ தொடவே கூடாது. பெரியவங்க வந்து கேட்டா சொல்லித் தரேன். உங்கம்மாவை வரச் சொல்லு.” அம்மாவிடம் சொன்னேன். “உங்கப்பாகிட்ட யாரு கேக்கிறது? புலி வாயில இருந்து எலும்பை எடுக்கச் சொல்றியா?” என்றாள்.

அதனால் நேற்று அம்மா சந்தைக்குப் போயிருந்தபோது நானே, எங்கள் பக்கம் தொங்கிய பகுதியை மட்டும், அப்பாவின் தீர்ப்புப்படி, பறித்தேன். புதினாவோடு கொதிக்கவைத்து, டின் பால் ஊற்றி, ஃபிளாஸ்கில் நிரப்பி, ஒரு கப் ஊற்றி அப்பா பக்கத்தில் வைத்தேன். நான் ஒரு சொட்டும் குடிக்கவில்லை, ஸ்பூனைக்கூட நக்கவில்லை. அப்பா ஒரு வாய் குடித்தார். என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். கப்பில் மீதி இருந்ததையும் குடித்தார். அந்த நேரம் பார்த்து, வெள்ளிக்கிழமை வரவேண்டிய ஜெபக்குழு புதன்கிழமையே வந்து நின்றது! பாஸ்டர், சிஸ்டர் அயோனி, பின்னால் மூப்பர்கள். “ஜனீல், கப் எடுத்துட்டு வா. வந்தவங்களுக்குத் தேநீர் ஊத்து” என்றார் அப்பா. “அது ஆறிப்போச்சுப்பா.” “ஃபிளாஸ்க்ல எப்படி ஆறும்? உன் பள்ளிக்கூடத்துல என்னதான் படிக்கிறே?” என்று அவரே ஊற்ற ஆரம்பித்துவிட்டார்.

பாஸ்டர் கப்பை முகர்ந்து கண்ணை மூடினார். “யார் வீட்டுப் புதினா, டீக்கன்?” “எங்க பக்கத்துது, பாஸ்டர்.” சிஸ்டர் அயோனி, “இந்த வருஷம் புதினா நல்லா வந்திருக்கு” என்று இரண்டாவது கப் வாங்கினார், பிறகு முழங்காலுக்கு இதமாக இருக்கிறது என்று மூன்றாவதும் வாங்கினார். கொஞ்ச நேரம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு பாஸ்டர் ஜெபிக்க எழுந்தார். அப்பாவின் வயிற்றுக்காக ஜெபித்தார், எங்கள் கிளாரண்டன் வட்டாரத்தில் உள்ள எல்லா வயிறுகளுக்காகவும் ஜெபித்தார், யோனாவை விழுங்கிய மீனின் வயிற்றுக்காக ஜெபிக்கும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆமென் எங்கே என்று தேடித் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. ஒரு மூப்பர் சுவர்க் கடிகாரத்திடம் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று நரகத்தில் எந்த மூலை எனக்கு என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது அப்பா கேட்டார், அத்தை, அப்பாவே வாய் திறந்து கேட்டார், “உங்கம்மா சட்டியில என்ன வச்சிருக்கா?”

ஆட்டுக்கறியும் தேங்காய்ப்பால் பயறுச் சோறும் இருந்தது. சட்டி காலி. அம்மா வந்து பார்த்தபோது சிஸ்டர் அயோனி சுட்ட சீமைப்பலாவின் தோலைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அப்பா இரண்டாம் தட்டில் இருந்தார். வாந்தி இல்லை, அத்தை. இன்று காலையும் இல்லை. அம்மா வெங்காயமே நறுக்காமல் அழுதாள்.

இப்போதுதான் ஆபத்து. பாஸ்டர் இதை அற்புதம் என்றார், ஞாயிற்றுக்கிழமை அப்பா சபை நடுவில் சாட்சி சொல்ல வேண்டும் என்றார். சிஸ்டர் அயோனி, “கர்த்தர் தொட்ட வயித்தை இனி ஊசி எதுக்குத் தொடணும்?” என்றார். அப்பா மறுக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த ஆஸ்பத்திரி அட்டையை எடுத்து வேதாகமத்துக்குள் வைத்து மூடிவிட்டார். நான் உண்மையைச் சொன்னால் அப்பா மறுபடி சாப்பிட மாட்டார், சபைக்கு முன் தலை குனிவார். சொல்லாவிட்டால் ஊசியை நிறுத்திவிடுவார். பசி எடுப்பது வேறு, கட்டி போவது வேறு என்று டாக்டரம்மா சொன்னதை நான் மறக்கவில்லை. நீங்கள் பெரியவர், அதையே உங்கள் வாயால் சொல்லுங்கள். என் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். உங்களுக்கு இந்த மாதிரி விஷயமெல்லாம் பழக்கமில்லை என்று தெரியும், அதிர்ச்சி தந்ததற்கு மன்னியுங்கள்.

உங்கள் வாசல் வழுக்காமலும், அடுப்பு அணையாமலும், கிறிஸ்துமஸுக்கு நீங்கள் ஏறும் விமானம் தாமதமாகாமலும் தேவன் காப்பாராக. அம்மாவின் அன்பும், அப்பாவின் ஆசீர்வாதமும் (அவருக்குத் தெரியாமல்), என் முத்தங்களும்.

உங்கள் பாவியான மருமகள்,
ஜனீல்

பி.கு. விடிந்துவிட்டது. கடிதத்தின் மேலேயே கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டேன். எழுப்பியது அப்பா. கையில் கடிதம்.

“சின்ன வயசுல எனக்கு இழுப்பு வந்தா என்ன காய்ச்சிக் குடுப்பாங்கன்னு நினைச்சே? முதல் வாயிலேயே தெரிஞ்சுது” என்றார். “அப்புறம் ஏன்பா பாஸ்டருக்கு ஊத்தினீங்க?” “நான் மட்டும் குடிச்சா பாவம். கூடிக் குடிச்சா ஐக்கியம்.” “அவங்களுக்குத் தெரியாதேப்பா!” “தெரியாதா? மூணாவது கப் புதினாவுக்கா? இந்த மலையில பிறந்த எந்த மூக்குக்கு அந்த வாசம் தெரியாது? பழக்கமில்லாத உன் யூலின் அத்தை குடிச்ச அளவுக்கு நான்கூடக் குடிச்சதில்லை.”

அட்டை வேதாகமத்தில் இருப்பது திங்கட்கிழமை மறக்காமல் எடுத்துப் போகத்தானாம். ஊசியும் போட்டுக்கொள்வாராம், டாக்டரம்மாவிடம் அந்தச் சீட்டையும் வாங்குவாராம். “நீ போட்ட தேநீர்ல அளவுமில்ல, ருசியுமில்ல. இன்னொரு தடவை அந்தச் செடிப் பக்கம் போனே, காலை உடைப்பேன்” என்றார். பிறகு என் தலையை அவர் நெஞ்சோடு சேர்த்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். எலும்பு குத்தியது, ஆனால் நான் நகரவில்லை.

ஆகவே அத்தை, நீங்கள் கூப்பிட வேண்டாம். மீனில் பாதிதான் வரும், மீதியை அப்பா காலை உணவுக்கு எடுத்துக்கொண்டார். இப்போது ஜன்னலுக்கு வெளியே நிற்கிறார், கையில் வெட்டுக்கத்தி. ராஸ் எப்பிராயீம் வேலிக்கு அந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார். அப்பா ஒரு கவைக்கம்பைச் சீவி, எங்கள் பக்கம் சாய்ந்த கிளைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.