அடையாறில் கடல் பின்வாங்கிய வாரம்

தப்பு தன்னுடையது என்று தெரியாத வரைக்கும் எல்லாருமே நல்ல விஞ்ஞானிகள்தான். நான் ஒரு வாரம் மிக நல்ல விஞ்ஞானியாக இருந்தேன். அமெரிக்கச் செயற்கைக்கோள், காந்த நாடா, வங்காள விரிகுடா என்று ஒன்று விடாமல் சந்தேகப்பட்டேன். (என்னைச் சந்தேகப்பட நேரம் கிடைக்கவில்லை.)

எழுபதுகளின் பிற்பகுதி. அடையாறு பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் புரோகிராமர் வேலை. வேலையில் என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று எங்கள் பிரிவுத் தலைவர் சிவராமன் சார் எழுதித் தரவேண்டிய மாதம் அது. மயிலாப்பூரில் அம்மா காப்பி டம்ளரோடு தினமும், "பர்மனென்ட் ஆயிடுத்தாடி?" என்று கேட்பாள். அந்த வேலையை விட எனக்கு மனசே இல்லை. வானத்திலிருந்து பார்த்த சென்னை எண்களாக நாடாவில் வந்து, என் புரோகிராமுக்குள் புகுந்து, காகிதத்தில் வரைபடமாக விழும். தரைக்கு M, தண்ணீருக்குப் புள்ளி. தாள்களை ஒட்டித் தரையில் விரித்து, செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்து பார்ப்போம்.

முதல் வரைபடத்தைச் சர்வே வரைபடத்தோடு ஒப்பிட்டேன். வடக்கே எண்ணூரில் இரண்டையும் பொருத்தினேன், அங்கே கச்சிதம். மெரினாவில் கரை கொஞ்சம் கிழக்கே தள்ளியிருந்தது. பெசன்ட் நகருக்கு வந்தால் இரண்டு மைல் தள்ளிப் போயிருந்தது. அங்கிருக்கும் ஊரூர் மீனவர் குப்பத்துக்குக் கிழக்கே, கடல் இருக்கவேண்டிய இடத்தில் வரிசை வரிசையாக M.

புத்தியுள்ளவள் புரோகிராமைப் பார்த்திருப்பாள். நான் சர்வே வரைபடத்தைப் புரட்டி, அது வெள்ளைக்காரன் காலத்தது என்று கண்டுபிடித்தேன். ஆக, அதற்குப் பிறகு கடல் பின்வாங்கியிருக்கிறது! (முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் அதே கடலில் கால் நனைத்துவிட்டு வந்திருந்தேன். ஆனால் அது வெறும் கால், இது கம்ப்யூட்டர்.)

"ரெண்டு மைலா? பேப்பர்ல ஒண்ணும் வரலையேம்மா" என்றார் சார்.

"யாரும் அளந்து பாத்திருக்க மாட்டாங்க சார்."

இந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.

அன்றைக்கென்று டெல்லியிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். நேரிலேயே போய்ப் பார்த்துவிடலாம் என்று அவர் உற்சாகமாக எழுந்துவிட்டார். கடற்கரைக்குப் போக அவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது என்று இப்போது தோன்றுகிறது. மூன்று பேரும் ஆபீஸ் ஜீப்பில் கிளம்பினோம்.

கடல் இருந்தது. வழக்கமான இடத்தில், வழக்கமான சத்தத்தோடு. நான் வரைபடத்தை விரித்துக்கொண்டு முன்னே நடந்தேன். ஓர் அலை வந்து புடவையை முழங்கால்வரை நனைத்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் எழுந்து வந்தார்.

"இன்னா சார், இன்னா தேடிக்கினு கீறீங்க?"

"நிலம்" என்றார் சிவராமன் சார், முகத்தில் சலனமே இல்லாமல்.

"வூடு கட்டவா? எந்தாண்ட?"

சார் கிழக்கே கையை நீட்டினார். "ரெண்டு மைல் வரைக்கும் இருக்குன்னு இந்தம்மா சொல்றாங்க."

மீனவர் கடலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ரொம்பப் பரிவோடு, "அங்க தண்ணியா கீதே சார். கட்டுமரத்துல இட்டுகினு போய் காட்டட்டா?" என்றார். டெல்லிக்காரருக்குச் சார் அதை மொழிபெயர்த்துச் சொன்னார். அவர் சிரித்த சிரிப்பில் எனக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

திரும்பும் வழியில் சார் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "மிஸ் கல்யாணி, திங்கக்கிழமைக்குள்ள கடலை இருந்த இடத்துல வச்சிடுங்க."

வேலை போய்விடும் என்று பயம்தான். ஆனால் அதையும் மீறி ஒரு குறுகுறுப்பு. தெற்கே போகப் போகத் தப்பு ஏன் வளர்கிறது? செயற்கைக்கோள் வடக்கிலிருந்து தெற்காகக் கோடு கோடாகப் படமெடுத்துக்கொண்டு போகிறது. அதற்குள் கீழே பூமி கொஞ்சம் சுழன்றுவிடுகிறது. அதற்குத்தான் ஒவ்வொரு கோட்டையும் சற்று நகர்த்தித் திருத்தம் போட்டிருந்தேனே! அந்தத் திருத்தத்தை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். தப்பு பாதியாகக் குறைந்தது. என் திருத்தம், இருந்த கோணலை இரட்டிப்பாக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து சமையலறையில் ஒரு தேங்காயை எடுத்தேன். குடுமி வட துருவம். நடுவில் குங்குமத்தால் சென்னை. ஜன்னல் வெளிச்சம் சூரியன். மெதுவாகச் சுற்றினேன். பாங்கில் வேலை பார்க்கும் அண்ணா சாப்பிட்டுக்கொண்டே பார்த்தான்.

"நீ சுத்தற மாதிரி சுத்தினா மெட்ராஸ்ல சூரியன் மேற்கால உதிக்கும்டி."

"போடா" என்றேன். இன்னொரு தடவை சுற்றினேன். மேற்கில்தான் உதித்தது.

அப்புறம்தான் உறைத்தது. பிறந்ததிலிருந்து பிள்ளையார், நவக்கிரகம், அரசமரம் என்று எதைச் சுற்றினாலும் பிரதட்சணம், வலப்பக்கமாகத்தான். சுற்றுவது என்றாலே என் கைக்கு அந்தத் திசைதான் தெரியும். புரோகிராம் எழுதும்போதும் பூமியைப் பிரதட்சணமாகவே விட்டிருக்கிறேன். பிளஸ் இருக்கவேண்டிய இடத்தில் மைனஸ்.

அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. "அப்போ பூமி அப்பிரதட்சணமாவா சுத்தறது? இத்தனை நாளாவா? யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

திங்கட்கிழமை புதிய வரைபடத்தைச் சார் மேஜையில் விரித்தேன். குப்பத்து வாசலில் கடல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. காரணத்தையும், தேங்காய் உட்பட, சொல்லி முடித்துவிட்டுத் தலைகுனிந்து நின்றேன். சார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார்.

"பூமியையே நிறுத்தித் திருப்பிச் சுத்தவச்சிருக்கீங்க. இவ்வளவு அதிகாரம் உள்ளவங்களைத் தற்காலிகமா வச்சுக்கறது ஆபத்தும்மா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அம்மா மட்டும் கடைசிவரை சமாதானமாகவில்லை. குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், பஸ் ஸ்டிரைக் என்றாலும், சர்க்கரை விலை ஏறினாலும், வீட்டுக்கு வந்தவர்களிடம் பெருமூச்சோடு அவள் சொல்வது ஒன்றுதான்: "எங்காத்துப் பொண்ணு சொன்ன பக்கமே பூமி சுத்தியிருக்கலாம். இவ்வளவு கஷ்டம் வந்திருக்காது."