பஸ்ஸில் ஏறிய கருப்பட்டி

நேத்து எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். எங்க நாய்க்குட்டியைப் பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குத் தூக்கிட்டுப் போயி, பஸ்ஸைக் காட்டிட்டு வரணும்.

சிரிக்காதீங்க. டாக்டர் சொன்னது.

குட்டி பேரு கருப்பட்டி. உடன்குடியில இருக்க எங்க அண்ணன் குடுத்தது, நிறமும் அதேதான். குக்கர் விசில் அடிச்சாப் போதும், கட்டிலுக்கு அடியில ஓடி ஒண்ணுக்கு இருந்துரும்.

எங்க வீட்டுக்காரர் கெடு வச்சிட்டாரு. "விசிலுக்கே நடுங்குத நாயி, திருடன் வந்தா என்ன செய்யும்? ஞாயித்துக்கெழமைக்குள்ள சரியாகலேன்னா உங்க அண்ணன்கிட்டயே கொண்டு விட்டுருதேன்."

எனக்கு அழுகையே வந்துட்டு. நேரா மாட்டாஸ்பத்திரிக்கு ஓடுனேன்.

"நாலு சத்தம் கேக்கணும், நாலு மூஞ்சியப் பாக்கணும்மா. மீசைக்காரங்க, குடை, பஸ், விசில், பள்ளிக்கூடப் பிள்ளைங்க, எல்லாம் பழகட்டும்"னாரு டாக்டர். "ஆனா இன்னும் ஒரு ஊசி பாக்கி. அதுவரைக்கும் கால் மட்டும் வெளித்தரையில படக்கூடாது. நோய் ஒட்டிக்கிடும்."

சரின்னு துணிக்கடை கட்டைப்பையில துண்டை விரிச்சு, கருப்பட்டியை உக்கார வச்சு, மேல ஒரு துண்டைப் போட்டு மூடிக் கெளம்பிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுல சமத்தா எட்டிப் பாத்துச்சு. அங்கனயே திரும்பியிருக்கணும். எனக்குத்தான் ஆசை அடங்காதே! ஜங்ஷன் பஸ் வந்து நின்னுச்சு. லேடீஸுக்கு டிக்கெட்டும் கெடயாதுல்லா, ரெண்டு ஸ்டாப் போயிட்டு இறங்குவோம்னு ஏறிட்டேன்.

ஏறுனா, கால் வைக்க இடமில்ல.

முன்னால உக்காந்திருந்த ஒரு அக்கா கையை நீட்டுனாங்க. "பையைத் தா பிள்ள, மடியில வச்சுக்கிடுதேன்."

"வேண்டாம்க்கா, இருக்கட்டும்."

"என்னத்தக் கூச்சப்படுத! தா!"

நம்ம ஊர் பஸ்ல உக்காந்திருக்கவங்க நிக்கவங்க பையைக் கேக்க மாட்டாங்க, பிடுங்குவாங்க. உள்ள நாய் இருக்குன்னு சொல்லலாம்னா கண்டக்டர் பக்கத்துலயே நிக்காரு.

அக்கா பையைத் தடவிப் பாத்தாங்க. "சூடா இருக்கே. சோறா?"

"ஆமாக்கா."

"சோறு அசையுதே பிள்ள!"

"பஸ் ஆடுதுல்லாக்கா!"

முருகன்குறிச்சியில திமுதிமுன்னு பள்ளிக்கூடப் பிள்ளைங்க ஏறுனாங்க. என்னைத் தள்ளித் தள்ளிப் பின் படிக்கட்டுப் பக்கம் கொண்டுபோயிட்டாங்க. எட்டிப் பாக்கேன், அந்த அக்கா இறங்கப் போறாங்க!

இறங்குததுக்கு முன்னால பக்கத்துல இருந்த பெரிய மீசை அண்ணாச்சி மடியில பையை வச்சிட்டாங்க. "பாத்து, உள்ள சோறு இருக்கு."

அண்ணாச்சி மெதுவாத் துண்டை விலக்குனாரு.

சோறு அவரு மீசையை நக்கிச்சு.

"ஏ யம்மா!" அந்த அலறல்ல டிரைவர் பிரேக் போட்டுட்டாரு. அண்ணாச்சி பையைப் பக்கத்து சீட்டுல தள்ளிட்டு, ரெண்டு காலையும் சீட்டு மேல தூக்கி வச்சு, கையில இருந்த குடையைக் கேடயமாப் பிடிச்சுக்கிட்டாரு. கண்டக்டர் விடாம விசில் அடிக்காரு.

"யாரு நாய்வே இது?"ன்னு கத்துனாரு அண்ணாச்சி.

நான் ஜன்னல் வழியா வெளிய பாத்தேன். வெக்கமா இருக்கு, ஆனா உண்மை. கருப்பட்டி பையில இருந்து தலையை நீட்டி, கூட்டத்துக்குள்ள என்னையத் தேடிக் கண்டுபிடிச்சு, வாலை ஆட்டிச்சு. மொத்த பஸ்ஸும் என்னையப் பாத்துச்சு.

"மகளிருக்குத்தாம்மா டிக்கெட் இல்ல. நாய்க்குமா?"ன்னாரு கண்டக்டர்.

"அதுவும் பொட்டைதானவே!"ன்னு பின்னால இருந்து ஒருத்தர் எனக்காகப் பேசுனாரு.

அதுக்குள்ள அண்ணாச்சி பையைத் தூக்கித் தரையில வைக்கப் போனாரு. எனக்கு உசுரே போச்சு. "கீழ வைக்காதீங்க! ஊசி பாக்கி இருக்கு!"ன்னு கத்துனேன்.

அவ்வளவுதான். ஒரு பிள்ளை பையை வாங்குனா. அவ கையில இருந்து அடுத்த கை, அடுத்த கை. கூட்டத்துத் தலைக்கு மேல கருப்பட்டி, சாமி சப்பரத்துல வாரது கணக்கா வந்துச்சு. வழி நெடுக எல்லாரும் தடவுனாங்க, அதுவும் எல்லாரையும் நக்கிச்சு. கால் தரையில படவே இல்ல!

மீசை, குடை, பள்ளிக்கூடப் பிள்ளைங்க, விசில். டாக்டர் சொன்ன அம்புட்டும் ரெண்டு ஸ்டாப்புல முடிஞ்சுபோச்சு.

வண்ணார்பேட்டையில எங்க ரெண்டு பேரையும் இறக்கி விட்டுட்டாங்க. பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு வீடு வரைக்கும் நடந்தேன்.

ராத்திரி சோத்துக்குக் குக்கர் மூணு விசில் அடிச்சுச்சு. கருப்பட்டி எங்க வீட்டுக்காரர் மடியில குறட்டை விட்டுத் தூங்குது. அவரு அதைத் தடவிக்கிட்டே, "இங்கயே இருந்துட்டுப் போகட்டும்"னாரு.

இப்ப வீட்டுல விசில் சத்தத்துக்கு நடுங்குதது நான் ஒருத்திதான்.