மேகப் பையனின் கல்யாணத்தை ஒத்திவைக்க இயலாமை குறித்து

பெருமதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் ஐயா அவர்களுக்கு,

தங்கள் பதிப்பகத்தின் புத்தம்புது எழுத்தாளர் (இப்படி எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்) இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நான், என் வீட்டுக்காரர், மாமனார், மாமியார், மகள் ஆகிய ஐவரும் கடவுள் புண்ணியத்தில் சுகம். அங்கு தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், தாங்கள் தொலைபேசியில் பேசியபோது பின்னால் விடாமல் தும்மிக்கொண்டிருந்த அந்த அன்பரும் பூரண நலத்தோடு இருக்கப் பிரார்த்திக்கிறேன். அவரை ஆவி பிடிக்கச் சொல்லுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் செவ்வாய்க்கிழமை தாங்கள் அழைத்தபோது நான் குக்கரின் இரண்டாவது விசிலுக்கும் மூன்றாவது விசிலுக்கும் நடுவில் இருந்தேன். "உங்கள் நாவலை எடுத்துக்கொள்கிறோம்" என்று தாங்கள் சொன்னதும் எனக்குக் காது அடைத்துவிட்டது. அதன் பிறகு தாங்கள் சொன்ன எல்லாவற்றுக்கும் "சரிங்க ஐயா" என்றேன். மொத்தம் ஒன்பது. அதில் எட்டு மகிழ்ச்சியில் சொன்னது, ஒன்று மட்டும் புரியாமல் சொன்னது. முதல் பாகத்தின் கடைசியில் நாயகனையும் நாயகியையும் பிரித்துவிடுங்கள், மூன்றாம் பாகத்தில் சேர்த்துக்கொள்ளலாம், அப்போதுதான் வாசகர் அடுத்த பாகத்தைத் தேடி வருவார், அப்படிச் செய்தால் மூன்று பாகங்களுக்கும் ஒப்பந்தம், இல்லையென்றால் இந்த ஒரு புத்தகத்தோடு சரி, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் முடிவு அத்தியாயம் வந்துவிட வேண்டும் என்றீர்கள். அதற்கும் சரிங்க ஐயா. போனை வைத்து, அடுப்பை அணைத்து, ஆவியெல்லாம் அடங்கி, மூடியைத் திறந்த பிறகுதான் என்ன தலையாட்டியிருக்கிறேன் என்று உறைத்தது.

ஐயா, நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். தங்களுக்கு முன்னால் பதினான்கு பதிப்பகங்கள் ஒரு வரி பதில்கூடப் போடவில்லை. பதினைந்தாவதாகத் தங்களுக்கு அனுப்பிய அன்று காலைப் பிரார்த்தனையில், "கடவுளே, இது மட்டும் அச்சேறட்டும், இந்தப் பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் நானே முன்ன நின்னு கல்யாணம் பண்ணி வைக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். மற்றவர்கள் பெற்ற பிள்ளைகளுக்காக வேண்டிக்கொள்வார்கள். நான் எழுதிய பிள்ளைகளுக்காக வேண்டிக்கொண்டேன். நோட்டில் தேதி போட்டும் வைத்திருக்கிறேன். நான் எதையும் குறித்து வைக்கிறவள். பால் நோட்டு, கேஸ் நோட்டு, சலவை நோட்டு, அதற்கடுத்து கதை நோட்டு. நாயகன் எந்தத் தேதியில் மேகமாக இருந்தான், எந்தத் தேதியில் மனிதனாக இருந்தான், எத்தனை ஊரில் பெய்தான், கலங்கரை விளக்கத்தில் விளக்கேற்றும் நாயகியின் விரலை எத்தனை முறை தொட்டான் (ஏழு, அதில் ஒன்று தீப்பெட்டி வாங்கும்போது தவறுதலாக) எல்லாவற்றுக்கும் பக்க எண்ணோடு கணக்கு இருக்கிறது. இப்படிப்பட்டவள் கடவுளிடம் சொன்ன சொல்லை மட்டும் எப்படி விட்டுவிடுவது?

ஆனால் மூன்று பாகம்! பொய் சொல்ல மாட்டேன் ஐயா, அதை நினைத்துக்கொண்டே சலவை நோட்டில் ஒரே துணியை இரண்டு முறை எழுதிவிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். மளிகை கட்டி வந்த தாளையும் மகளின் பாடப் புத்தகங்களையும் எழுத்துக் கூட்டிப் படித்தே எழுத வந்தவள். தாங்கள் பேசிய மறுநாள் ஒப்பந்தப் படிவம் வந்த உறையில் என் பெயருக்கு முன்னால் "எழுத்தாளர்" என்று போட்டிருந்தது. கூரியர்காரர் அதை உரக்கப் படித்துவிட்டு, "அப்படி யாராச்சும் இந்த வீட்ல இருக்காங்களா?" என்று கேட்டார். கையில் கரண்டியோடு நின்ற நான் ஒரு நொடி யோசித்துவிட்டு, "நான்தாங்க" என்றேன். அந்த உறையை என் வீட்டுக்காரர் பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கும் ஃபைலில் பத்திரப்படுத்திவிட்டார். அலமாரியில் மூன்று புத்தகங்கள், மூன்று முதுகு, மூன்று முறை என் பெயர் என்று நினைத்து நினைத்து, அந்த வாரம் முழுக்க சாம்பாரில் உப்பு போட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. மற்றவர்களுக்குத் தெரிந்தது.

ஒரு பக்கம் ஒப்பந்தம், ஒரு பக்கம் வேண்டுதல். தனியாக முடிவெடுக்கத் தெரியாமல் வீட்டில் சொல்லித் தொலைத்தேன். அங்கேதான் வினையே ஆரம்பித்தது. அதுவரை நான் சமையல் குறிப்பு எழுதுவதாகத்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மகள் இரண்டு நாள் மாலையில் உட்கார்ந்து முழு நாவலையும் வாசித்துக் காட்டினாள். முடித்ததும் நோட்டை என் மடியில் வைத்தாள். பாராட்டப் போகிறார்கள் என்று நானும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தேன். என் மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"பையன் என்ன பண்றான்?"

"மேகமா இருக்கான் அத்தை."

"அது காதுல விழுந்துச்சு. வேலை என்ன?"

"அதான் வேலை. வாரத்துல நாலு நாள் மேகம், மூணு நாள் மனுஷன்."

"அப்போ மூணு நாள் சும்மா இருக்கான்."

என் மாமனார் குடிநீர் அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "நாலு நாள் வேலை, மூணு நாள் லீவு! இந்தக் காலத்துல யாருக்குக் கிடைக்குது? அதுவும் மழை குடுக்கிற பையன்! நானும் ஒரு ஆயுசு முழுக்க அந்த ஆபீஸ்ல உக்காந்தேன், ஒரு சொட்டு வரவெச்சிருப்பேனா?" என்றார். அந்த நிமிஷத்திலிருந்து அவர் மாப்பிள்ளை வீடு. அத்தை பெண் வீடு. இன்ஷூரன்ஸ் ஏஜெண்டான என் வீட்டுக்காரர் நடுநிலை என்று சொல்லிக்கொண்டே, "மேகத்துக்கு எந்தக் கம்பெனியும் பாலிசி தராது. ஒரு மலையில மோதிக் கலைஞ்சுட்டான்னா அந்தப் பொண்ணு கதி என்ன?" என்று கிளப்பிவிட்டுப் போய்க் கை கழுவிக்கொண்டார். மகள் ஒருத்திதான் தங்கள் கட்சி. "சேர்த்து வெச்சுட்டா யாரும்மா படிப்பாங்க? ஏங்க விடணும். ஏங்கி ஏங்கி வாசகர் சாகணும்" என்றாள். வாசகர் நீடூழி வாழட்டும் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

பிரிக்க நான் முயற்சி செய்யாமல் இல்லை ஐயா. முதல் முயற்சியில் ஒரு பெருங்காற்று வந்து மேகப் பையனைக் கடலுக்கு அந்தப் பக்கம் அள்ளிக்கொண்டு போனது. மகள் வாசிக்க வாசிக்க, அத்தை பாதிச் சாப்பாட்டில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "காத்தடிச்சா போயிடறவனுக்கா நம்ம பொண்ணு விளக்கேத்தி வெச்சுட்டு உக்காந்திருக்கா? அப்பவே சொன்னேன்" என்றார். மாமா பால்கனிக்குப் போய் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாப்பிட வாருங்கள் என்றால், "அவன் திரும்பி வரட்டும், வர்றேன்" என்றார். வேறு வழியில்லாமல் காற்றைப் பேனாவால் அடித்துவிட்டு அவனைத் திரும்பக் கொண்டு வந்தேன். மாமாவும் வந்து சாப்பிட்டார்.

இரண்டாவது முயற்சியில் ஒரு சந்தேகத்தை வைத்தேன். மேகப் பையன் பக்கத்து ராஜ்ஜியத்தில் பெய்துவிட்டு வந்த செய்தி நாயகியின் காதுக்கு எட்டுகிறது, அவள் விளக்கை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறாள். எனக்கே பிடித்துப்போய், எழுதிவிட்டு ஒருதரம் அழுதேன். ஆனால் அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னொரு ஊர்ல பெஞ்சானா?"

"அது டூட்டி!" என்று மாமா கத்தினார்.

"டூட்டின்னா வீட்ல சொல்லிட்டுப் போகணும்."

"எந்த மேகம்டி சொல்லிட்டுப் பெய்யுது?"

"நீங்களும் இப்படித்தான். குழாய் உடைஞ்சிருக்குன்னு போவீங்க, பொழுது சாய வருவீங்க."

"குழாய் உடைஞ்சுதான் இருந்துச்சு!"

இப்படியாக, என் நாவலில் ஆரம்பித்த சண்டை முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு குழாய்க்குப் போய்விட்டது. அன்று முழுக்க இருவரும் நேரில் பேசவில்லை. "உங்க தாத்தாவுக்கு மாத்திரை எடுத்துக் குடு" என்று அத்தை பேத்தியிடம் சொல்ல, "எடுத்தாச்சுன்னு சொல்லு" என்று மாமா அடுத்த நாற்காலியிலிருந்து சொல்ல, மகள் நடுவில் தபால்காரியாக நின்றாள். மறுநாள் காலைப் பிரார்த்தனையில் கண்ணை மூடினால், கடவுள் எதிரில் உட்கார்ந்துகொண்டு "அப்புறம்?" என்று கேட்பது போலவே இருந்தது. பாதியில் எழுந்து வந்துவிட்டேன். முப்பது வருஷத்தில் அப்படி எழுந்ததில்லை.

அதோடு தெளிந்துவிட்டேன் ஐயா. இன்று காலைச் சமையலை ஒரே குழம்போடு நிறுத்திக்கொண்டு, பதினொரு பக்கத்தில் கல்யாணத்தை முடித்துவிட்டேன். எழுதும்போது கை நோகவில்லை, பேனா வழுக்கிக்கொண்டு ஓடியது. கலங்கரை விளக்கத்தின் உச்சியில் கல்யாணம், கீழே கடலில் நூறு படகு, ஒவ்வொரு படகிலும் ஒரு விளக்கு. இதில் ஒரு சிக்கல் வந்தது. நோட்டில் நாள் எண்ணிப் பார்த்தால் கல்யாண நாளன்று அவன் மேகமாக இருக்க வேண்டிய முறை! மூன்று தரம் கூட்டிப் பார்த்தேன், மேகம்தான். கல்யாணத்தைத் தள்ளினால் ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் பௌர்ணமி இடிக்கிறது. மாமாதான், "ஒரு நாள் லீவு போடட்டும், அவனும் மனுஷன்தானே?" என்று வழி சொன்னார். ஆகவே அன்று மட்டும் ராஜ்ஜியத்தில் எங்கும் மழை இல்லை. எட்டாவது முறையாக விரலைத் தொட்டான், இந்த முறை தவறுதலாக இல்லை. மகள் வாசித்து முடித்ததும் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார், வீட்டுக்காரர் மூக்கைச் சிந்தினார். ஒரு நாளாகப் பேசாதிருந்த அத்தை, மாமாவைப் பார்த்து நேராகவே, "காபி போடவா?" என்றார். தங்கள் கட்சியான மகளே, "போம்மா, அழ வெச்சுட்ட" என்று உள்ளே போய்விட்டாள்.

ஆகையால் ஐயா, தங்கள் மனம் நோகாமல் இந்த விண்ணப்பத்தை ஏற்க வேண்டும். முடிவு அத்தியாயத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள், இனி சொல்ல எதுவும் இல்லை, கதை முற்றும். மூன்று பாக ஒப்பந்தப் படிவத்தைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புகிறேன். மடிக்கும்போது கொஞ்சம் நனைந்திருந்தால் அது தண்ணீர் பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புத்தகம், ஒரு முதுகு, அதில் ஒரு முறை என் பெயர். எட்டாம் வகுப்புக்கு அதுவே அதிகம்.

தாங்களும் தங்கள் அச்சகமும் தழைக்க வேண்டும், தங்கள் எழுத்தாளர்கள் எல்லோரும் சொன்ன தேதியில் சொன்னதை அனுப்புகிறவர்களாக அமைய வேண்டும், தும்மல் அன்பருக்கும் குணமாக வேண்டும் என்று கடவுளை வேண்டி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
என்றும் நன்றியுள்ள,
உறையில் தாங்கள் எழுதிய அதே பெயர்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது அத்தை காபி டம்ளரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "எல்லாம் சரி. கல்யாணத்துக்குப் பையனோட அம்மா வந்தாளா?" என்று கேட்டார். நோட்டைப் புரட்டினேன். அப்பா உண்டு, அம்மா பற்றி ஒரு வரி இல்லை. "மறந்துட்டேன் அத்தை" என்றேன். "மறந்துட்டியா? அவளைக் கேக்காம, அவளுக்குச் சொல்லாம, பதினோரு பக்கத்துல கல்யாணத்தை முடிச்சிருவியா? அவ இருந்திருந்தா விட்டிருப்பாளா? யாரு அவ?" என்றார். நான் யோசிக்கவே இல்லை ஐயா, வாய் தானாகச் சொன்னது: "புயல், அத்தை." அத்தை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். இருபத்திரண்டு வருஷத்தில் என்னைப் பார்த்து அவர் அப்படிச் சிரித்ததில்லை. "அப்படிச் சொல்லு! எங்க இருந்தா? யாரு போய் அவகிட்ட வத்தி வெச்சது? எந்த நேரத்துல வந்து இறங்குறா?" என்று மூச்சு விடாமல் கேட்டார். வேண்டுதலை நினைத்துத் தயங்கினேன். "சாமிகிட்ட கல்யாணம்னுதானே சொன்ன? எந்தப் பாகத்துலன்னு சொன்னியா?" என்றார். நோட்டைப் பார்த்தேன். சொல்லவில்லை. நாளைக் காலை முறைப்படி அனுமதி கேட்டுக்கொள்கிறேன், கிடைத்துவிடும்.

எனவே இணைத்துள்ள அத்தியாயத்தைத் தயவுசெய்து படிக்க வேண்டாம், மேலே எழுதியதையும் மறந்துவிடுங்கள். எட்டாவது முறை விரலைத் தொடப் போகும் அந்த நொடியில் கடலில் நூறு விளக்கும் ஒன்றாக அணைகின்றன, புயல் வருகிறாள். புது முடிவு திங்கட்கிழமை வந்து சேரும், தாங்கள் சொன்ன வெள்ளிக்கிழமைக்கு மேல் மூன்று நாள் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், அதில் மூன்று என்றிருப்பதை ஐந்து என்று திருத்தியிருக்கிறேன். அத்தை சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே இருக்கிறேன், அடுப்பில் பால் பொங்கியதை இருவருமே பார்க்கவில்லை. அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: கடைசியில் மருமகள்தான் இறங்கி வந்து மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். சரிங்க அத்தை என்று சொல்லியிருக்கிறேன். ஐந்தாம் பாகத்தில் யார் கேட்கப்போகிறார்கள் என்பது தங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்திருக்கட்டும். வீட்டுக்குப் போன் செய்தால் பொதுவாகப் பேசவும்.