ஆவணிக்குள் நீக்க வேண்டிய சட்டம்

திண்டிவனம்,
20-7-1986

தங்கள் வார இதழில் சட்டக் கேள்விகளுக்குப் பதில் எழுதும் ஆசிரியர் அவர்கள் சமூகத்திற்கு, மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை எடை போடும் ந. துரைக்கண்ணு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் என் குடும்பத்தாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பொய்யாகிவிடும் என்பதால் தங்கள் சுகத்தை மட்டும் விசாரிக்கிறேன்.

விஷயம் என்னவென்றால், இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 366 என்று ஒரு பிரிவு இருக்கிறது. வெள்ளைக்காரன் 1860-ல் எழுதியது. அவன் போய் நாற்பது வருஷம் ஆகப்போகிறது, பிரிவு மட்டும் போகவில்லை. அதை வரும் ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் நீக்கும்படி தாங்கள் சர்க்காருக்கு எழுத வேண்டும்.

என் ஒரே மகள் கிருஷ்ணவேணிக்குப் பத்தொன்பது வயது. டைப்ரைட்டிங் லோயர் பாஸ். அவளை என் அக்கா மகன் சின்னதுரைக்குக் கொடுப்பதாக அவள் தூளியில் கிடக்கும்போதே வாக்குக் கொடுத்திருந்தேன். அவள் வேண்டாம் என்றாள். மூன்று தடவை சொன்னாள். பெண்பிள்ளை அப்படித்தான் சொல்லும் என்று, ஆனி மாதம் மயிலம் மலையில் கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டு, உறவில் ஒரு குழந்தைக்குக் காதுகுத்து என்று சொல்லி வேனில் ஏற்றிக்கினு போனேன். மண்டபத்து வாசலில் எவனோ கரும்பலகையில் மாப்பிள்ளை, பெண் பேரைக் கொட்டை எழுத்தில் எழுதித் தொலைத்திருந்தான். படித்த பெண் அல்லவா, படித்துவிட்டாள். "என் பேரை யாரைக் கேட்டு எழுதினீங்க?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டாள். நான் குருக்களை அவசரப்படுத்திவிட்டுத் திரும்பினால் பெண்ணைக் காணோம். மலையிறங்கி, பஸ் ஏறி, விழுப்புரத்தில் நர்ஸாக இருக்கும் அவள் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள்.

வயசுப் பெண் தானாகப் போகுமா? எவனாவது கடத்தினால்தானே போகும்? போலீசில் மனு கொடுத்தேன். எவன் என்று பேர் வேண்டும் என்றார்கள். அவளுக்கு டிக்கெட் கிழித்து, விசில் ஊதிப் பஸ்ஸைக் கிளப்பியவர் கண்டக்டர் வேங்கடேசன் என்று விசாரித்ததில் தெரிந்தது. அவர் பேரைப் போட்டேன். அவருக்கு நாலு பிள்ளைகளாம், அது எனக்கு அப்புறம்தான் தெரியும். இன்ஸ்பெக்டர் கண்டக்டரையும் விழுப்புரத்திலிருந்து என் பெண்ணையும் ஸ்டேஷனுக்கு வரவழைத்து, எங்கள் எல்லாரையும் நிற்கவைத்து 366-ஐ வாசித்தார். இஷ்டமில்லாத கல்யாணத்துக்காக ஒரு பெண்ணைக் கட்டாயப்படுத்தியோ ஏமாற்றியோ கொண்டுபோனால் பத்து வருஷம் வரை ஜெயிலாம். நல்ல சட்டம் என்று நானும் தலையாட்டினேன். பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"பொய் சொல்லி வேன்ல ஏத்தினது யாரு?"

"நான்தாங்க."

"எதுக்கு?"

"கல்யாணத்துக்குங்க."

"பொண்ணுக்கு இஷ்டமா?"

"இஷ்டம் இருந்தா காதுகுத்துன்னு ஏங்க சொல்லப்போறேன்?"

கண்டக்டர் சிரித்துவிட்டார். அவரை அனுப்பிவிட்டு, உன் அப்பா மேல் கேஸ் எழுதட்டுமா என்று பெண்ணைக் கேட்டார் இன்ஸ்பெக்டர். பெற்ற மகள், ஐயா. என் முகத்தைப் பார்க்காமலே, "இப்ப வேணாம் சார். அப்பா மறுபடியும் வேன் பேசினா இங்க வர்றேன்," என்றாள்.

ஆவணிக்கு வேன் பேசியாகிவிட்டது. அக்கா விடமாட்டேன் என்கிறாள். நாலு பேர் முன்னால் மானம் போய், பேஜாராகிக் கிடக்கிறேன். பெத்த அப்பன் தன் பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணினா அது கடத்தலா? காலத்துக்கு ஒவ்வாத இந்தப் பிரிவைத் தாங்கள்தான் ஒழித்துத் தர வேண்டும். கொஞ்சம் ஜல்தியாக.

தங்கள் பேனாவுக்கும் பிள்ளைகுட்டிகளுக்கும் மயிலம் முருகன் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
ந. துரைக்கண்ணு

பி.கு.: தபாலில் போடுமுன் இதை என் மனைவி அம்சவள்ளிக்குப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்து, "அந்தச் சட்டம் எத்தினி வருஷம் வரைக்கும் செல்லுங்க?" என்றாள். ஏன் என்றேன். "இருவத்தி நாலு வருஷம் ஆயிட்டா கேஸ் குடுக்க முடியாதா?" என்றாள். திருவிழா பார்க்கலாம் என்று சொல்லித்தான் அவளையும் அவள் அப்பா அன்றைக்கு வண்டியில் கூட்டி வந்தார். மாலையோடு நின்றவன் நான். அவள் அழுததை ஓமப் புகை என்று எல்லாருக்கும் சொன்னவனும் நான்தான். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, ஐயா. வேன்காரனுக்கு வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டேன். சட்டம் இருக்கட்டும். அவள் கேள்வியை மட்டும் அவள் பேரிலேயே போட்டுப் பதில் எழுதுங்கள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பதில் எதுவானாலும் நானே படித்துக் காட்டுகிறேன்.